நீக்கிய ஆப்ஷனை ஹெல்ப்பில் விட்டுவைக்கலாமா?

கேள்வி: எங்கள் கமாண்ட் லைன் கருவியில் (கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல்) கோப்புப் பெயர் வாங்கும் 'அவுட்' ஆப்ஷனை அடுத்த பதிப்பில் தூக்குகிறோம், இனி 'ஃபைல்'தான். ஹெல்ப்பில் 'நீக்கப்பட்டது' என்று ஒரு வரி வைக்கலாமா, இல்லை சுவடே இல்லாமல் எடுத்துவிடலாமா?

பதில்: ஹெல்ப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், பார்சரிலிருந்து (கட்டளையில் வரும் ஆப்ஷன்களைப் படித்துப் பிரிக்கும் பகுதி) மட்டும் எடுக்காதீர்கள். ஹெல்ப்பைத் திறப்பவர் இப்போது எது வேலை செய்யும் என்று பார்க்க வருகிறார், செத்துப்போன ஆப்ஷன்களின் பட்டியல் அவருக்கு எதற்கு? பழைய ஆப்ஷனை நம்பியிருப்பவரோ ஹெல்ப் பக்கமே வருவதில்லை. எப்போதோ யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் நடுராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) ஓடி விழும்போதுதான் அவருக்கு விஷயமே தெரியும். அதனால் "அவுட் நீக்கப்பட்டது, பதிலாக ஃபைல் கொடுக்கவும்" என்ற வரி பிழைச் செய்தியில் இருக்க வேண்டும். வெறுமனே 'தெரியாத ஆப்ஷன்' என்றால் எழுத்துப்பிழையோ என்று தேடியே அரை மணி நேரம் போகும்.

நீங்கள் பயன்படுத்துவது பைத்தானோடு வரும் பார்சர் நூலகமான ஆர்க்பார்ஸ் என்றால் அந்த ஆப்ஷனின் ஹெல்ப்புக்கு 'சப்ரஸ்' கொடுங்கள், பட்டியலில் தெரியாது, ஆனால் பார்சர் அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் அந்த ஆப்ஷன் வந்தால் ஓடுவதற்கென ஒரு ஆக்‌ஷன் எழுதி, பார்சரின் 'எரர்' மெத்தடைக் கூப்பிட்டால் செய்தி ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழி) போய், தோல்வியைக் குறிக்கும் 2 என்ற குறியீட்டோடு நிரல் நின்றுவிடும். பைத்தான் 3.13-இல் வந்த 'டெப்ரிகேட்டட்' அளவுரு எச்சரிக்கை மட்டுமே தரும், அது நீக்குவதற்கு முந்தைய பதிப்புக்கு.

பலர் மாட்டிக்கொள்வது வேறொரு இடத்தில். ஆர்க்பார்ஸும் சரி, சி மொழி நிரல்களில் அதே வேலையைச் செய்யும் குனுவின் கெட்ஆப்ட்-லாங்கும் சரி, நீண்ட ஆப்ஷன் பெயரைச் சுருக்கி அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். உங்களிடம் 'அவுட்புட்-டிர்' என்று இன்னொன்று இருந்து, 'அவுட்'டை அடியோடு நீக்கினால், அந்த எழுத்துகளில் தொடங்குவது வேறெதுவும் இல்லாத பட்சத்தில் பழைய ஸ்கிரிப்ட் பிழையே காட்டாது! கோப்புப் பெயராகக் கொடுத்தது டைரக்டரி பெயராகிவிடும், முனகல்கூட இருக்காது. பார்சரில் பழைய பெயர் அப்படியே இருந்தால் முழுப் பொருத்தத்துக்குத்தான் முன்னுரிமை, இந்தச் சிக்கல் வராது. ஆர்க்பார்ஸில் சுருக்கத்தையே அணைக்க 'அலவ்-அப்ரீவ்' உண்டு, ஆனால் சுருக்கி அடித்துப் பழகியவர்கள் உங்களைத் திட்டுவார்கள்.

எச்சரித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் ஓடவிடலாமா? ஜாவா 8 'மேக்ஸ்பெர்ம்சைஸ்' கொடுத்தால் அப்படித்தான் செய்தது. பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதியே போய்விட்டதால் அதன் அளவைப் புறக்கணிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. 'டிரை-ரன்' போன்ற ஒன்றைப் புறக்கணித்துப் பாருங்கள், ஒத்திகை என்று நம்பி ஓட்டியவரின் கோப்புகள் நிஜமாகவே அழியும். விளைவை மாற்றும் ஆப்ஷன் என்றால் பிழை காட்டி நிற்பதுதான் சரி.

எச்சரிக்கையும் இலவசமில்லை. கோப்புகளில் எழுத்துகளைத் தேடும் கருவியான கிரெப்பின் 2022-இல் வந்த 3.8 பதிப்பு, 'ஈகிரெப்' என்ற அதன் பழைய வடிவத்தைக் கூப்பிட்டாலே ஸ்டாண்டர்ட் எரரில் ஒரு வரி எழுத ஆரம்பித்தது. வெளியீட்டோடு அதையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று விழ அந்த ஒரு வரி போதும்.

மேன் பக்கத்தையும் (கருவியின் கையேடு) டேப் கம்ப்ளீஷன் கோப்பையும் (டேப் விசையை அழுத்தினால் ஆப்ஷன் பெயரை நிரப்பித் தருவது) மறக்காதீர்கள், அவை பெரும்பாலும் தனியாகக் கையால் எழுதியவை. பார்சரில் விட்ட அந்த நாலு வரியை எப்போது எடுப்பது என்றால், நான் எடுப்பதே இல்லை. அது இருக்கும்வரை 'அவுட்' என்ற பெயரை வேறு வேலைக்கு யாரும் தூக்கிக்கொள்ளவும் முடியாது.