பாய்லர் போட்டவர் போனே எடுப்பதில்லை!

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அக்டோபரில் புது கேஸ் பாய்லர் போட்டோம். மாடி ரேடியேட்டர்கள் சூடாகவே இல்லை, பிரஷரும் அடிக்கடி இறங்குகிறது. போட்டவர் போன் எடுப்பதில்லை. முன்பணம் கிரெடிட் கார்டில், மீதி பேங்க் டிரான்ஸ்ஃபர். வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிடலாமா?
- வாசகி, ஹாரோ

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. இப்போதே வேறு ஆள் கைவைத்தால், அவர்தான் கெடுத்தார் என்று பழையவர் தப்பித்துக்கொள்வார். முதலில் பிரஷர் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்துவிட்டு, குறைகளையெல்லாம் எழுதி, சரிசெய்ய ஒரு கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏனென்றால் போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அவர் தன் செலவிலேயே வேலையைத் திரும்பச் செய்து தர வேண்டும், முடியாவிட்டால் பணத்தைக் குறைக்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்புச்சீட்டு அந்த கிரெடிட் கார்டுதான். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால், முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு வேலைக்கும் கார்டு நிறுவனம் சேர்ந்து பொறுப்பு. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு என்று சொல்லிக் கேளுங்கள். டெபிட் கார்டுக்கு இது கிடையாது.

அப்புறம், அவர் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ளவர்தானா என்று இணையத்தில் பாருங்கள். பதிவில்லாமல் கேஸ் வேலை செய்வது குற்றம், உடனே அந்த அமைப்பிடம் புகார் கொடுங்கள். ஆனால் சூடாகாத ரேடியேட்டருக்கும் பணத் தகராறுக்கும் கேஸ் சேஃப்காரர்கள் வரமாட்டார்கள். அதற்குக் கடைசி வழி சிறு வழக்கு நீதிமன்றம், 10,000 பவுண்டு வரை. கேஸ் வாசனை வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் 0800 111 999.