ஸ்கேன் படத்தைக் கொண்டு புற்றுநோயின் போக்கைக் கணிக்கும் துறை: என்ன படிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம்-உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கான சிகிச்சை எவ்வளவு பலன் தரும் என்பதை ஸ்கேன் படங்களிலிருந்தே கணிக்கும் ஆய்வில் சேர விரும்புவதாகவும், அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறதா, படித்தால் வேலை கிடைக்குமா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் எதையும் தேட வேண்டாம். இயற்பியல், மருத்துவம், புள்ளியியல், கணினி ஆகிய நான்கும் வந்து கூடுகிற இடம் அது. அவற்றுள் ஒன்றையாவது ஆழமாகக் கற்றவருக்குத்தான் அங்கே வேலை உண்டு.

வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களில், ஒரே நிலையில் கண்டறியப்பட்டு ஒரே சிகிச்சை பெற்ற இருவரில் ஒருவர் குணமடைய, மற்றவருக்கு நோய் திரும்பிவிடுவதுண்டு. ஹெச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய், புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. இத்தகைய வேறுபாடுகளைப் படத்திலேயே படிக்க முடியுமா என்பதுதான் ரேடியோமிக்ஸ் என்னும் துறையின் கேள்வி. சி.டி. அல்லது பெட் சி.டி. (உடலின் அமைப்போடு திசுக்களின் செயல்பாட்டையும் காட்டும் ஸ்கேன்) படத்தில் மருத்துவர் கட்டியின் எல்லையை வரைந்து தருவார். அதன் வடிவம், அடர்த்தி, உள்ளே காணும் சீரற்ற தன்மை ஆகியவை அம்சங்கள் எனப்படும் நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றப்பட்டு, யாருக்கு நோய் திரும்பியது என்ற விவரத்தோடு ஒப்பிடப்படும்.

தங்கள் மகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் முன்னின்ற குழு ஒன்று, 1,019 நோயாளிகளின் சி.டி. படங்களில் 440 அம்சங்களை அளந்து, நுரையீரல் புற்றுநோயில் கண்டறிந்த நான்கு அம்சங்களின் தொகுப்பு தலை, கழுத்துப் புற்றுநோயிலும் உயிர்வாழும் காலத்தைக் கணிப்பதாக 2014இல் வெளியிட்டது. துறையே அதைக் கொண்டாடியது. 2019இல் கனடாவின் டொராண்டோ நகர ஆய்வாளர்கள் அதே கணக்கை மீண்டும் போட்டார்கள். கட்டிக்குள் இருந்த புள்ளிகளின் மதிப்புகளைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்ட பிறகும் கணிப்பின் திறன் குறையவில்லை. அந்த அம்சங்களில் பெரும்பாலானவை கட்டியின் கொள்ளளவையே வேறு பெயரில் அளந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரிய கட்டி ஆபத்தானது என்பதைச் சொல்ல 440 அளவீடுகள் தேவையில்லை அல்லவா? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இப்படிச் சந்தேகப்படத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஆகவே, பி.எஸ்சி. இயற்பியல் படித்து மருத்துவ இயற்பியலுக்குச் செல்வதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளில் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இருக்க வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி என்பதால், ஆய்வு வாய்ப்பு தாமதமானாலும் வருமானத்துக்கு வழி இருக்கும். உயிர்மருத்துவப் பொறியியலும் நல்ல வழிதான், ஆனால் அதில் வேலை நிறுவனங்களின் தேவையைப் பொறுத்தது. நீட் தேர்வில் மதிப்பெண் கிடைத்து எம்.பி.பி.எஸ். படித்தால், மூன்றாண்டு எம்.டி. கதிரியக்கவியலோ கதிர்வீச்சுப் புற்றுநோயியலோ முடித்துக் கட்டியின் எல்லையை வரையும் இடத்திலேயே அமரலாம்; அது நீண்ட பாதை. பட்டத்தின் பெயரில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதிகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டாம்.

கல்லூரி முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் பைத்தான் என்ற நிரல்மொழியையும் புள்ளியியலையும் கற்றுக்கொள்ளட்டும். த கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் நோயாளிகளின் பெயர் நீக்கிய படங்கள் உள்ளன. தலைப்பகுதி ஸ்கேனிலிருந்து ஒருவரின் முகத்தையே மீட்டெடுக்க முடியும் என்பதால் அத்தகைய தொகுப்புகள் சிலவற்றுக்கு முறையான அனுமதி பெற வேண்டும். மாஸ்ட்ரிக்ட் குழுவின் நுரையீரல் தொகுப்பிலிருந்து அவர் தொடங்கலாம். அதில் முதலில் கட்டியின் கொள்ளளவை மட்டும் வைத்துக் கணித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் சேர்க்கும் ஒவ்வோர் அம்சமும் அந்தக் கணிப்பை உண்மையில் மேம்படுத்துகிறதா என்று அவரே சோதிக்கட்டும்.