ஒழுங்கைக்குள் நான் காசு கட்டி நட்ட போஸ்ற்றில் பக்கத்துக் காணிக்காரர் கரண்ட் எடுத்தால் பங்கு கேட்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான்: தகப்பனின் காணி பிரிந்து உள்காணி அவருக்கு வந்திருக்கிறது. மின்சாரம் எடுக்கக் கம்பம், வயர் எல்லாவற்றுக்கும் அவரே பணம் கட்டினார். ஒரு வருடம் கழித்து எதிர்க்காணியில் வீடு கட்டியவர் கடைசிக் கம்பத்திலிருந்து சேர்விஸ் வயர் மட்டும் இழுத்துக்கொண்டார். பங்கு கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாராம்.

கேட்கலாம். ஆனால் கம்பம் என்னுடையது என்று சொல்லிக்கொண்டு கேட்கப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன், இரண்டு வருடம் வீணாகப் போனது.

எங்கள் காணி கோண்டாவிலில். அம்மப்பாவுடைய 12 பரப்பு (யாழ்ப்பாணக் கணக்கு தெரியாதவர்களுக்கு: 16 பரப்பு ஒரு ஏக்கர்) நான்கு பிள்ளைகளுக்கும் மூன்று மூன்று பரப்பாகப் பிரிந்தது. றோட்டுக்கரையில் இரண்டு துண்டு, உள்ளுக்குள் இரண்டு துண்டு, நடுவில் இரண்டு பக்கமும் நாலடி நாலடி விட்டு எட்டடி ஒழுங்கை. உள்ளே இடப்பக்கம் அம்மாவின் சீதனம். அதில்தான் நான் வீடு கட்டினேன். வலப்பக்கம் மாமாவுடையது, வெறும் வளவு.

2012இல் மகள் ஓ.எல். எடுக்க இருந்தாள். 1990க்குப் பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தவன் நான். மண்ணெண்ணெய் விற்ற விலையில் அந்த விளக்கையும் ஒன்பது மணிக்கு மேல் எரிக்க அம்மா விடமாட்டா. என் பிள்ளை அப்படிப் படிக்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம். மூன்று கம்பம், வயர் எல்லாம் சேர்த்து எஸ்டிமேற் 108,000 ரூபா வந்தது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். இதைச் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. அந்தக் கம்பத்தை நான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பது புரிந்தால்தான் மிச்சக் கதை புரியும்.

2015இல் மாமாவின் மகன் வலப்பக்கத் துண்டை விற்றார். பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கியது. தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) மற்றவர்களுக்கு முன்னால் எங்களுக்கு வாங்கும் உரிமை இருக்கிறதே என்று சட்டத்தரணியிடம் ஓடினேன். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உரிமை கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் வாரிசாக வரக்கூடியவருக்கும்தான் என்று அவர் விளக்கினார். பிரிவினை உறுதி (காணிப் பத்திரம்) எழுதித் தனித்தனித் துண்டான பிறகு நான் கூட்டுச் சொந்தக்காரன் இல்லை. சரி, போகட்டும்.

வந்தவர் வீட்டைக் கட்டி முடித்து, மூன்றாவது கம்பத்திலிருந்து கரண்ட் எடுத்தார். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு எஸ்டிமேற் ரசீதையும் கொண்டுபோய் "அண்ணை, இதில பாதி உங்கட கணக்கு" என்றேன்.

"தம்பி, போஸ்ற் நட்ட பிறகு அது கரண்ட்காரற்ற சொத்து. நான் கட்டவேண்டியதை அங்க கட்டிப்போட்டன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான், அதுதான் கொதித்தது. அதே சட்டத்தரணியிடம் போனேன். வாடிக்கையாளர் பணம் கட்டினாலும் லைன் விநியோகம் செய்பவர்களுடையது, அதிலிருந்து அடுத்தவருக்கு இணைப்புக் கொடுக்க அவர்களுக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, உங்கள் இருவருக்கும் இடையில் எழுத்தும் இல்லை, எதை வைத்து வழக்குப் போடுவது என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது. கிணறு என் வளவுக்குள் இருக்கிறது. கரண்டில் அநியாயம் செய்தவருக்குத் தண்ணீர் எதற்கு என்று, அவர் மோட்டர் பூட்ட வந்த அன்று மறித்தேன். அவர் சத்தம் போடவில்லை. உள்ளே போய் உறுதியை எடுத்து வந்து, "வழி வாய்க்கால், கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். என் உறுதியிலும் அதே வரி இருக்கிறது. அதை எழுதுவித்தது அம்மப்பா. வாசலில் நின்ற என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனா. அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது.

அதோடு, தண்ணீரை மறித்தாலோ வழியை அடைத்தாலோ, பொலிஸ் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே உங்கள் 108,000 பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், யார் மறித்தது என்றுதான் கேட்பார்கள். வயரை வெட்டுவேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உயிர் போகும், போகாவிட்டால் சிறை. தயவுசெய்து வேண்டாம்.

எனக்கு வழி கிடைத்தது மத்தியஸ்த சபையில். எங்கள் ஊரில் இணக்கசபை என்றும் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி வந்து பேச முடியாது, நாமே பேசவேண்டும். அவர்கள் தீர்ப்பும் சொல்வதில்லை. "கோர்ட்டுக்குப் போகப் பயந்தவன்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிந்த விஷயம் இது.

அங்கே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "போஸ்ற் எந்தப் பக்கம் நிக்குது?" மூன்றும் வலப்பக்கம். அப்போது அந்தப் பக்கம் ஆளில்லை, என் பக்கம் கதியால் வேலியும் மாமரமும் இருந்தன, அதனால் அந்தப் பக்கம் நடச் சொன்னது நான்தான். மாமாவின் மகனிடம் போனில் கேட்டு, அவர் சம்மதக் கடிதமும் அனுப்பியிருந்தார். ஆனால் மூன்றாவது கம்பம் நிற்பது இந்த மனிதருக்கு கேற் வைக்க இருந்த இடத்தில். அதை நகர்த்த அவர் எடுத்த எஸ்டிமேற் 22,000 ரூபா. அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு ரசீது போல அவருக்கு அது.

பிறகு கணக்கு தானாக வந்தது. பாதி 54,000, அதில் கம்பம் நகர்த்தும் 22,000 கழித்தால் 32,000. முப்பதாயிரம் தருகிறேன், மூன்று தவணை என்றார். சரி என்றேன். இணக்கச் சான்றிதழில் இருவரும் கையெழுத்து வைத்தோம். கடைசித் தவணையை அவர் மனைவி ஒரு பெட்டி ஒடியல் மாவோடு கொண்டுவந்து தந்தா.

"பாதிக்குப் பாதி" எல்லா இடத்திலும் பொருந்தாது. உங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு இருந்தால், எந்தக் கம்பம் யார் யாருக்குப் பயன்படுகிறது என்று கம்பம் கம்பமாகப் பாருங்கள். முதல் கம்பம் மூவருக்கும் என்றால் மூன்றாகப் பிரியுங்கள், கடைசிக் கம்பம் ஒருவருக்கு மட்டும் என்றால் அது அவர் தலையில். றோட்டுக்கரைக்காரர் றோட்டிலிருந்தே எடுக்கலாம், அவரிடம் கேட்பது நியாயமில்லை. உங்கள் லைன் அவருடைய காணிக்கு மேலால் போகிறதா, மரம் வெட்டவேண்டியிருக்கிறதா என்பதையும் கேட்கப் போவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். லைன் போக வழிவிட மறுத்தால் பிரதேச செயலாளர் விசாரிக்க 2009ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள், அதற்கும் சண்டை தேவையில்லை.

சொல்லாமல் விட முடியாத ஒன்று. றோட்டுக்கரையில் வலப்பக்கத் துண்டு பெரியம்மாவின் மகனுடையது, கனடாவில் இருக்கிறார். பதினைந்து வருடமாகப் பற்றை. மழைக்காலம் வந்தால் தேங்காய்ச் சிரட்டையிலும் பிளாஸ்ரிக் கோப்பையிலும் தண்ணீர் நிற்கும், நுளம்பு எங்கள் பிள்ளைகளைக் கடிக்கும், டெங்குச் சோதனைக்கு வருபவர்கள் எங்கள் கதவைத் தட்டுவார்கள். ஆள் பிடித்து வெட்டுவிப்பது நான். போனில் கேட்டால் "தம்பி, எல்லையை மட்டும் பாத்துக்கொள்" என்பார். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை, எங்கள் கோயில் மதிலும் பள்ளிக்கூடக் கட்டடமும் அவர்கள் காசில்தான் நிமிர்ந்தன. ஆனால் வளவை வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை பற்றை வெட்டவாவது காசு அனுப்பவேண்டும். பக்கத்தில் குடியிருப்பவனும் மனிதன்தான்.

2019இல் கிணற்றிலிருந்து ஒழுங்கைக்குக் கீழால் குழாய் தாட்டோம், எதிர்வீட்டு அண்ணைக்கும் முன்வீட்டுச் சித்திக்கும். இந்தமுறை மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே அண்ணை ஒரு கொப்பித் தாளோடு வந்தார். அதில் எழுதியதை அப்படியே தருகிறேன், உங்கள் எதிர்வீட்டாரோடு பேசிப் பாருங்கள்:

"கிணற்றடி வால்வுச் செலவு மூன்று பங்கு. அதற்குப் பிறகு அவரவர் வீட்டுக்குப் போகும் குழாய் அவரவர் செலவு. பின்னர் யாராவது இதில் இணைவதென்றால் தொடங்கும் முன் மூவருக்கும் அவர் பங்கைக் கொடுத்துவிட்டு இணையவேண்டும். காணி விற்றால் வாங்குபவருக்கு இதைக் காட்டவேண்டும்."

மூன்று பிரதி எழுதினோம். என்னுடையது உறுதியோடு சேர்த்து அலுமாரிக்குள் இருக்கிறது.