'லைன்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்?

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது, மற்ற இந்திய மொழிகளில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இந்தச் சொல் எங்கள் வீட்டு விலாசத்திலேயே இருந்தது. இப்போது மொழிபெயர்ப்பு என் தொழில். அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. மேசன் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறாரே, அந்த நூல்தான் முதல் பொருள். அப்புறம் கோடு, வரிசை, ரயில் பாதை, டெலிபோன் கம்பி, வம்சம் என்று எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டது.

தமிழில் அப்படி இல்லை. தாளில் போட்டால் கோடு, எழுதினால் வரி, உள்ளங்கையில் ரேகை, பஸ்ஸுக்கு நின்றால் வரிசை, ஏர் போன தடம் சால். இந்தச் சால்தான் கன்னடத்தில் 'சாலு'. அங்கே மர வரிசையும் அதுதான், எழுத்தின் வரியும் அதுதான். மலையாளத்தில் கோடு 'வர', எழுத்தின் வரி 'வரி'தான். தெலுங்கில் கோட்டை 'கீத' என்பார்கள், நம் 'கீறு'க்கு உறவான சொல். இலங்கைப் பள்ளிக்கூடங்களில் இன்றைக்கும் பிள்ளைகள் கோடு கீறுகிறார்கள். ஹிந்தியில் கோட்டுக்கு 'ரேகா', ஆட்கள் நிற்கும் வரிசைக்கு 'கதார்', கவிதை வரிக்கு 'பங்க்தி'. அந்த சமஸ்கிருதப் பங்க்திதான் தமிழில் கலியாண வீட்டுப் பந்தி. எங்கள் பாடப்புத்தகங்களில் பந்தி என்றால் தமிழ்நாட்டில் சொல்லும் பத்தி. அந்தப் பத்தியும் அதே பங்க்தியிலிருந்து வந்ததுதான்.

செய்யுளில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆங்கிலக் கவிதையில் 'லைன்' என்பது தமிழில் அடி. அடி என்றால் பாதம். ஆனால் ஆங்கிலத்தில் பாதம் என்ற பொருள் தரும் 'ஃபுட்' நம்முடைய சீருக்குச் சமம். சொல்லுக்குச் சொல் போட்டால் அடியும் சீரும் இடம் மாறிவிடும். நான் இதைப் பலருடைய கையெழுத்துப் பிரதியில் திருத்தியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் நிரை. தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குச் செடி வரிசையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் நிரை. "இன்னைக்கு எனக்குக் கடைசி நிரை" என்று அம்மா சொன்னால் சரிவில், வழுக்கும் இடத்தில் வேலை என்று எங்களுக்குப் புரியும். பிறகு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் அட்டவணை போட்டு, குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல் என்றார். அம்மாவின் சொல் கரும்பலகையில் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இனி என் விலாசத்தில் இருந்த சொல். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடும் முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தொழிலாளர்களுக்கு வரிசையாக அறைகள் கட்டினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, அதாவது அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, ஒரே கூரை, அடுத்த வீட்டு இருமல் கேட்கும் சுவர். ஆங்கிலேயர் 'லைன்' என்றார்கள். எங்கள் வாயில் அது லயன் ஆனது, லயம் ஆனது. சிங்களத்தில் 'லயிம'. மூணாறிலும் தோட்டக் குடியிருப்புக்கு லயம் என்றுதான் பெயர். சுருதியோடு சேர்த்துச் சொல்லும் லயம் வேறு, சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. ஒலி மட்டும்தான் ஒன்று.

சில வருடங்களுக்கு முன் ஓர் அறிக்கையின் தமிழ் வரைவு திருத்தத்துக்கு வந்தது. அதில் லயன் அறைகளை 'வரிசைக் குடியிருப்புகள்' என்று எழுதியிருந்தார்கள். நல்ல தமிழ்தான், ஆனால் என்னால் பொறுக்க முடியவில்லை. அதைப் படிக்கிறவர் ஏதோ அழகான வீட்டுத் திட்டம் என்று நினைப்பார். சிவப்புப் பேனாவால் அடித்து, எல்லா இடத்திலும் 'லயன் அறைகள்' என்று எழுதி அனுப்பினேன். லயத்தில் இருக்கிறவர்கள் என்று இளக்காரமாகப் பேசுவதால் இந்தச் சொல்லே வேண்டாம் என்று எங்கள் பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. தனி வீடும் காணியும் எல்லோருக்கும் கிடைத்து, அந்தக் காம்பராக்கள் இல்லாமல் போகத்தான் வேண்டும். அதுவரை அவற்றுக்கு வேறு பெயர் சூட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே ஒரே சொல்லாக என்னால் பதில் தர முடியாது. நீங்கள் எந்த வாக்கியத்துக்காகக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் சொல்லைச் சொல்கிறேன்.