ஷபாத் அன்னைக்கு சைரன் அடிச்சா லைட்டைப் போடலாமா?

நாகர்கோவில்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: "அக்கா, ஜெருசலேம்ல ரொம்ப ஆச்சாரமான யூதப் பாட்டி வீட்டுக்கு கேர்கிவரா போறேன், வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் ஷபாத்ங்கிற ஓய்வுநாளாம், ஃபோன், ஸ்விட்ச் எதையும் தொடமாட்டாங்களாம், நடுவுல ஏவுகணை சைரன் அடிச்சா நான் என்ன பண்றது?"

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோம்மா, அந்தத் தடையெல்லாம் அவங்களுக்குத்தான், உனக்கில்ல. நீ லைட்டைப் போடலாம், உன் ரூம்ல ஃபோன் வச்சுக்கலாம். ஆனா சாதாரண நாள்ல "லைட்டைப் போடு"ன்னு நேரா கேக்கமாட்டாங்க, "இங்க ஒரே இருட்டா இருக்கே"ம்பாங்க, நாமதான் புரிஞ்சுக்கணும். நான் போன புதுசுல "ஆமா பாட்டி, இருட்டுதான்"னு சொல்லிட்டு பேசாம உக்காந்திருந்தேன்!

உயிருக்கு ஆபத்துன்னு வந்துட்டா இந்த ஜாடையெல்லாம் கிடையாது. பிக்குவாக் நெஃபெஷ்னு சொல்லுவாங்க, உயிரைக் காப்பாத்தறது ஷபாத்தை விடப் பெருசு. இது பழைய பாடம், உங்க வீட்டு கத்தோலிக்க பைபிள்லயே மக்கபேயர் முதல் நூல் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாரு, ஓய்வுநாள்ல சண்டை போடமாட்டோம்னு இருந்து ஆயிரம் பேர் வரைக்கும் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் தாக்க வந்தா அன்னைக்கும் எதிர்த்து நிக்கலாம்னு அவங்க தலைவர் மத்தத்தியா முடிவெடுத்தாரு. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் ஒரு படி மேல போறாரு: அந்த நேரத்துல வேலையை வேத்து மதத்துக்காரங்க தலையில கட்டாதீங்க, பெரிய பண்டிதரே கையால செய்யணும்னு. அதனால ஆம்புலன்சுக்கு 101 அடிக்கணும்னா பாட்டியோட பிள்ளைங்களே அடிப்பாங்க, நீயும் யார்கிட்டயும் அனுமதி கேட்டுட்டு நிக்காத.

ஹமாஸ் தாக்கின 2023 அக்டோபர் 7 சனிக்கிழமைதான், ஷபாத்தும் பண்டிகையும் ஒரே நாள்ல. தெற்குல காலை ஆறரைக்கே சைரன், ஆனா ஆச்சாரமான வீடுங்கள்ல ஃபோன் ஆஃப், என்ன நடக்குதுன்னே தெரியல, அப்புறம் ராணுவத்துல கூப்பிட்டாங்கன்னு ஜெபக்கூடத்துல இருந்து அப்படியே காரை எடுத்துட்டு கிளம்பினவங்க எத்தனையோ பேர். 2025 ஜூன் 13 ஈரான் ஏவுகணை வந்ததும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான்.

இதுக்குன்னே ரேடியோல "அமைதி அலை"ன்னு ஒண்ணு உண்டு, 1991 வளைகுடாப் போர்ல ஈராக் ஸ்கட் விட்டப்ப வந்தது. வெள்ளிக்கிழமையே ஆன் பண்ணி வச்சுட்டா சும்மா கிடக்கும், எச்சரிக்கை வந்தா மட்டும் பேசும். போர் நேரத்துல வீட்ல இத வைப்பாங்களான்னு கேட்டுக்கோ.

சைரன் அடிச்சதும் பாதுகாப்பான இடத்துக்குப் போக ஜெருசலேம்ல உனக்குக் கிடைக்கிறது 90 செகண்டு, வயசானவங்கள வச்சுக்கிட்டு அது ஒண்ணுமே இல்ல. அதனால வெள்ளிக்கிழமை மதியமே வீல்சேரை கட்டில் பக்கத்துல நிறுத்து, மமாத்துல (அதான் காங்கிரீட் பாதுகாப்பு ரூம்) தண்ணி, மாத்திரை, செருப்பு வச்சிடு, லைட்டை அணைக்காம விட்டுடு, வழியில எதுவும் கிடக்கக் கூடாது. பழைய கட்டடத்துல மமாத் இருக்காது, பக்கத்து மிக்லாத் (பொதுப் பதுங்கிடம்) எங்க, இல்லன்னா ஜன்னல் இல்லாத மாடிப்படி எதுன்னு வேலைக்குச் சேர்ற அன்னைக்கே பாட்டியைத் தள்ளிட்டு ஒரு தடவை போய் வந்துடு.

இன்னொண்ணு, ஜெருசலேம்ல வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்கு 40 நிமிஷம் முன்னாடி ஷபாத் வருதுன்னு சொல்லவே ஒரு சைரன் ஊதுவாங்க, ஒரே சீரா இருக்கும், அதுக்கு மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. ஏறி இறங்கி ஊளையிட்டா பாட்டியைத் தூக்கு.