லிராய் கார்: ‘ஹவ் லாங்’ பாட்டில் எது முதல் பதிவு?

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் பாடகராகவும் பியானோக்காரராகவும் இருந்த லிராய் காரின் தொகுப்பில் ‘ஹவ் லாங்’ என்றே நாலைந்து பாட்டு வருகிறது, எது மூலம், பியானோவோடு கேட்கும் கிட்டார் யாருடையது என்று கேட்டிருந்தீர்கள்.

1928 ஜூனில் இண்டியானாபொலிஸில் வொகேலியன் இசைத்தட்டு கம்பெனிக்காகப் பதிவான ‘ஹவ் லாங், ஹவ் லாங் புளூஸ்’தான் முதலாவது. ‘பார்ட் 2’, ‘பார்ட் 3’, ‘நியூ’ என்று ஒட்டு போட்டவை எல்லாம் பிறகு வந்தவை. முதல் தட்டு அப்படி விற்றது, கம்பெனி அதே மெட்டை மறுபடி மறுபடி கேட்டது. பதிவுத் தேதியை வைத்து அடுக்குங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

கிட்டார் ஸ்க்ராப்பர் பிளாக்வெல். தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். கார் இடது கையால் அலட்டாமல் தாளத்தை நடத்திப் போக, அவர் ஒரு வரி பாடி மூச்சு விடும் இடத்தில் பிளாக்வெல் ஒற்றைக் கம்பியில் சுருக்கென்று பதில் சொல்வார். பாட்டும் புளூஸில் வழக்கமான பன்னிரண்டு பார் (தாள அளவு) இல்லை, எட்டே பார். காரின் குரலில் கத்தலே கிடையாது. 1925க்குப் பிறகு மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்ததால்தான் இவ்வளவு மெல்லிய குரல் தட்டில் ஏறியது. எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த நிதானம்தான்.

அப்புறம், 1933இல் ஒன்றுமே இல்லையே என்று தேட வேண்டாம். பொருளாதார மந்தத்தில் தட்டு வியாபாரமே படுத்திருந்தது. 1934இல் திரும்பி வந்து பாடிய ‘புளூஸ் பிஃபோர் சன்ரைஸ்’ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசிப் பதிவு 1935 பிப்ரவரி, புளூபேர்டு என்ற இசைத்தட்டு லேபிளுக்கு. ஏப்ரலில் குடி அவரைக் கொண்டுபோய்விட்டது, வயது முப்பதை ஒட்டித்தான்.