ஆயத்துறையில் விழுந்த வெளிச்சம்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சீர்திருத்த சபையில் ஓய்வுநாள் பாடசாலை எடுக்கிறேன். போன மாதம், வரி வசூலிக்கிற மத்தேயுவை இயேசு சீஷனாக அழைத்த பகுதி வந்தது. அதைப் பற்றி இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த, நீங்கள் முன்பு எழுதியிருந்த ஓவியத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் இருபது நிமிஷம் அசையவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், தாடிக்காரர்தான் மத்தேயுன்னு சொல்றீங்க. ஓரத்துல ஒருத்தன் தலையே தூக்காம காசு எண்ணுறானே, அவன்தான்னு எனக்குத் தோணுது" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து அந்தப் பக்கம் வந்த சபைப் பெரியவர் ஒருவர் படத்தைக் கழற்றச் சொன்னார். "நமக்கு வசனம் போதும்மா. படம் வைக்கிற வழக்கம் நம்மகிட்ட கிடையாது. இதை வரைஞ்சவன் கொலைகாரனாமே?" என்றார். நல்ல மனிதர். என் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர். எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விசுவாசத்துக்கு ஓவியமும் ஓவியனும் எதற்கு என்று அவர் கேட்டதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? (என் பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

கொலையை முதலில் முடித்துவிடுவோம். உண்மைதான். 1606 மே மாதம் ரோமில் ஒரு சண்டையில் கரவாஜியோ ஒருவனைக் கொன்றார். மரண தண்டனைக்குத் தப்பி நாப்போலி, மால்டா, சிசிலி என்று ஓடி, 1610-ல் 38 வயதில் செத்துப்போனார். நீங்கள் ஒட்டிய படம் அந்தக் கொலைக்கு ஆறு வருஷம் முந்தியது என்று வக்கீல் மாதிரி வாதாடலாம். வேண்டாம், அப்போதே அவர் அடிதடிக்காரர்தான். ஆனால் 51-ஆம் சங்கீதத்தைப் பாடிய தாவீது ராஜா, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் சாகடித்த பிறகுதான் அதைப் பாடினார் என்பதை உங்கள் பெரியவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருடைய இன்னொரு கேள்விதான் கனமானது. வசனம் போதாதா?

வசனத்தையே எடுப்போம். மத்தேயு 9:9. ஆயத்துறையில், அதாவது வரி வசூலிக்கிற இடத்தில், உட்கார்ந்திருந்த ஒருவனை இயேசு காண்கிறார், பின்சென்று வா என்கிறார். "அவன் எழுந்து, அவருக்குப் பின்சென்றான்." அவ்வளவுதான். உட்கார்ந்திருந்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. பிரசங்கம் செய்கிறவர் "உடனே கீழ்ப்படிந்தான், பிரியமானவர்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். ஓவியனுக்கு அந்த வசதி இல்லை. ஆயத்துறை என்றால் அறையா, திண்ணையா, தெருவா? மேசையைச் சுற்றி எத்தனை பேர்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து? கூப்பிட்ட நொடியில் மத்தேயுவின் வலது கை எங்கே இருந்தது? இதையெல்லாம் முடிவு செய்யாமல் படத்தை முடிக்க முடியாது. நாம் வாசித்துக்கொண்டே தாண்டிவிடுகிற இடத்தில் அவன் நின்றே ஆக வேண்டும். அவன் நிற்பதால் நாமும் கொஞ்சம் நிற்கிறோம். உங்கள் பிள்ளைகள் இருபது நிமிஷம் நின்றதும் இதனால்தான்.

1599-1600-ல் கரவாஜியோ என்ன முடிவு செய்தார் என்று பாருங்கள். அறை இருட்டு. சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் அது வழியாக வரவில்லை. இயேசு நிற்கிற பக்கத்திலிருந்து, அவர் தலைக்கு மேலே சாய்வாக வந்து மேசைக்காரர்கள் முகத்தில் விழுகிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர், ஓவியரின் காலத்து உடுப்பில். இறகு வைத்த தொப்பி, ஒருவன் இடுப்பில் வாள். இயேசுவுக்கும் பேதுருவுக்கும் மட்டும் பழைய அங்கி, வெறுங்கால். நம் ஊர் வட்டிக்கடையில், சட்டைப்பையில் பேனா செருகிய நாலு பேர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

இயேசுவின் கையைப் பாருங்கள். நீட்டியிருக்கிறாரே தவிர அதில் விறைப்பில்லை, மணிக்கட்டு லேசாகத் துவள்கிறது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில், கடவுள் ஆதாமைப் படைக்கிற காட்சியில் மைக்கலாஞ்சலோ வரைந்த கை அது. கடவுளின் கை என்று நினைப்போம். இல்லை, ஆதாமின் கை. இயேசுவைப் "பிந்தின ஆதாம்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒரு மணிக்கட்டில் சொல்லிவிட்டார். அப்புறம் பாதம். கை உள்ளே நீள்கிறது, பாதம் அதற்குள் வெளியே போகத் திரும்பிவிட்டது. கூப்பிட்டாயிற்று, கெஞ்சிக்கொண்டு நிற்கப் போவதில்லை. (ரோமில் சான் லூயிஜி தேய் பிரான்சேசி ஆலயத்தில் இந்தப் படம் இருக்கிற சிற்றாலயத்தில், காசு போட்டால்தான் விளக்கு எரியும் என்று போய்வந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆயக்காரன் படத்துக்குப் பொருத்தம்தான்.)

எனக்கு இதைவிட நெருக்கமான படம் ஒன்று உண்டு. பிரான்சில் கொல்மார் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஈசன்ஹைம் பலிபீட ஓவியம். கதவு மாதிரித் திறந்து மூடுகிற பலகைகளில் மத்தியாஸ் க்ருனேவால்ட் என்ற ஜெர்மன் ஓவியர் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்தது. அந்தோணியார் சபைத் துறவிகள் ஈசன்ஹைமில் ஒரு வைத்தியசாலை நடத்தினார்கள். அவர்களுக்காக வரைந்தார். நோயாளிகளை இதன் முன்னால் கொண்டுவருவார்கள். அங்கே வந்த பலருக்கு 'அந்தோணியார் நெருப்பு' என்று பெயர்பெற்ற நோய். ரை என்கிற தானியக் கதிரில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கைகால் நெருப்பாக எரியும், கறுக்கும், அழுகும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். நம் கம்பங்கதிரில் வருகிற தேன் ஒழுகல் நோயின் பூஞ்சை இதற்குப் பங்காளி.

அந்த நோயாளிகளுக்கு எப்படிப்பட்ட சிலுவையைக் காட்டுவது? க்ருனேவால்டின் இயேசுவுக்குத் தோல் பச்சை பாரித்திருக்கிறது. உடம்பு முழுக்கப் புண், புண்ணில் ஒடிந்த முட்கள். கைவிரல்கள் வலியில் விறைத்து வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன. "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்ற ஏசாயா வசனத்தைப் பெரிய வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் காலண்டரில் ரோஜா நிறக் கன்னத்தோடு ஒருவர் புன்னகைக்கிறார். நமக்கு உறுத்துவதே இல்லை. க்ருனேவால்ட் அந்த வசனத்தை அப்படியே நம்பியிருக்கிறார். படத்தின் பலகைகளைத் திறக்கும்போது பிளவு சிலுவைக்கு ஓரமாகப் போவதால், உடம்பிலிருந்து ஒரு கை தனியாகப் பிரிந்து போகும். கை இழந்தவன் ஒருவன் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பான்.

திறந்தால் உள்ளே உயிர்த்தெழுதல் இருக்கிறது. அதே உடம்பு, புண் ஒன்றுகூட இல்லை, ஆணிக்காயங்களும் விலாக்காயமும் மட்டும். முகம் வெளிச்சத்தில் கரைந்துகொண்டிருக்கிறது. ஆனால் பண்டிகை நாட்களில்தான் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் நோயாளிக்குக் கிடைத்தது அந்தப் புண்பட்ட உடம்புதான். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. கட்டில் பக்கத்தில் நின்று "எல்லாம் சரியாகிவிடும், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் நான் கண்டதில்லை.

சிலுவையின் ஒரு பக்கம் யோவான் ஸ்நானன் நிற்கிறார். சிலுவைப்பாட்டின்போது அவர் உயிரோடு இல்லை, ஏரோது தலையை வெட்டியாயிற்று. ஓவியருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தே கொண்டுவந்து நிறுத்தி, அளவுக்கு மீறி நீளமான ஒரு சுட்டுவிரலைக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் லத்தீனில் வசனம்: "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்." 20-ஆம் நூற்றாண்டின் பெரிய சீர்திருத்த இறையியலாளரான கார்ல் பார்த், ஆராதனை நடக்கிற இடத்தில் படம் கூடாது என்ற கட்சி. அவர் எழுதும் மேசைக்கு மேலே இந்தச் சிலுவைப்படத்தின் பிரதி மாட்டியிருந்தது. அந்த விரலைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார். இந்தத் தகவல் உங்கள் பெரியவருக்குப் பிடிக்கும்.

படம் வைப்பது நம் வழக்கமில்லை என்றாரே, அது பாதிதான் சரி. சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லியின் சூரிக் நகரத்தில் 1524-ல் படங்களையெல்லாம் இறக்கினார்கள். ஆனால் 1522-ல் ஜெர்மனியின் விட்டன்பெர்கில் அதே வேலை தொடங்கியபோது, ஒளிந்திருந்த கோட்டையிலிருந்து திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்து கலவரத்தை அடக்கியவர், சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரேதான். அவர் பிரசங்கித்த ஆலயத்திலேயே ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் செய்த பலிபீட ஓவியம் இருக்கிறது, 1547-ல் வைத்தது. அதன் அடிப்பலகையில் லூத்தரே இருக்கிறார். ஒரு கை வேதத்தின் மேல், இன்னொரு கை நீண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் சபையார், பெண்கள், பிள்ளைகள். இருவருக்கும் நடுவில், வெறும் தரையில், சிலுவை. காதால் கேட்டதைச் சபையார் கண்ணால் காண்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை பாடுகிறீர்கள். அவர் 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குற்றாலநாதரைப் பாடிய அதே குறவஞ்சி வடிவம். கூடையோடு குறிசொல்ல வருகிற குறத்தியைப் பெத்லகேமுக்குக் கூட்டிப்போனார். இன்றைக்கு யாரும் அதைக் கழற்றச் சொல்வதில்லை. காதால் வந்தால் பக்தி, கண்ணால் வந்தால் விக்கிரகமா?

ஆனாலும் பெரியவரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். படம் பழகிப்போகும். ஒரே இடத்தில் தொங்கினால் ஆறு மாதத்தில் அது காலண்டர்தான், கரவாஜியோவாக இருந்தாலும். படம் பார்த்து விசுவாசம் வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். நான் சபைக்காரன் இல்லை. முப்பது வருஷமாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன், இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் மத்தேயு எழுந்தான் என்று வாசிக்கும்போது அது லேசான காரியம் என்று எனக்கு இப்போது தோன்றுவதில்லை.

சரி, பையன் கேள்வி. பெரும்பாலான கலை வரலாற்றாசிரியர்கள் தாடிக்காரர் பக்கம். அதே சிற்றாலயத்தில் கரவாஜியோ வரைந்த மற்ற இரண்டு படங்களிலும் மத்தேயுவுக்குத் தாடி இருக்கிறது என்பது வலுவான காரணம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உங்கள் மாணவனோடு ஒத்துப்போகிற அறிஞர்களும் உண்டு. அவர்கள் தாடிக்காரரின் சுட்டுவிரலைக் காட்டுவார்கள். "என்னையா?" என்று தன் நெஞ்சைத் தொடுகிறாரா, "இவனையா?" என்று பக்கத்தில் குனிந்திருக்கிறவனைக் காட்டுகிறாரா? இரண்டு விதமாகவும் பார்க்கலாம். தாடிக்காரர் என்றால், கூப்பிட்டது கேட்டாயிற்று, கை மட்டும் இன்னும் காசுப் பக்கம் இருக்கிறது. பையன் சொல்கிறவன் என்றால், அவனுக்குக் கூப்பிட்டதே இன்னும் கேட்கவில்லை. வெளிச்சம் அவன் மேல் விழுந்துவிட்டது, அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வகுப்புக்குப் படத்தை மறுபடி எடுத்துப் போங்கள். சுவரில் ஒட்ட வேண்டாம். பாயில் விரித்து நாலு முனையிலும் பாட்டுப் புத்தகத்தை வையுங்கள். பெரியவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, யார் மத்தேயு என்று அந்தப் பையனையே அவருக்கு விளக்கச் சொல்லுங்கள்.